சந்தன வெள்ளையா, சாம்பல் வெள்ளையா: டவுன் வீட்டுக்கு நிறம் தேர்ந்த அனுபவம்

வீட்டுக்குள் அடிப்பதற்கு அடர்ந்த நிறம் ஒன்றைத் தேர்வது அவ்வளவு கடினமில்லை. பிடிக்கிறதா இல்லையா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வெளிர் நிறங்களின் சங்கதி வேறு. கடைக்காரர் விரித்துக் காட்டும் ஷேடு புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டங்களுக்குள் என்ன வேறுபாடு என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது. ஆனால் அதே இரண்டும் சுவரில் ஏறிய பிறகு, ஒன்று அறையைத் திறந்து காட்டும், மற்றொன்று பகலிலேயே விளக்குப் போட வைக்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் வீட்டுச் சுவர்களை வைத்தே நான் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு எங்கள் வீட்டை விளக்க வேண்டியதில்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவிலிருந்து முன்புறத் தாழ்வாரமான தார்சா, கூடமான பட்டாசல், அதற்கு உள்ளே இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர்கள் என்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் வருவது முன்வாசல் வழியாகவும், புறவாசல் வழியாகவும், இரண்டாங்கட்டின் மேலே கம்பி போட்டுத் திறந்து விட்டிருக்கும் வானவெளி வழியாகவும்தான். தரை முழுவதும் சிவப்புக் காவி கலந்து தேய்த்த பழைய சிமெண்டுத் தரை. பல பேர் நடந்து நடந்து பளபளப்பு ஏறிக் கிடக்கிறது. அதை உடைத்து டைல்ஸ் போட வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நிறத்தில்தான் கருத்து வேறுபட்டது.

போட்டியில் கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று, வெள்ளையில் இளமஞ்சள் மெல்ல ஓடும் நிறம். இதை நாங்கள் சந்தன வெள்ளை என்று அழைத்தோம். மற்றது, வெள்ளையில் சாம்பலும் ஒரு துளி நீலமும் சேர்ந்தது. இது சாம்பல் வெள்ளை. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் எண்ணும் மாறும், ஆனால் இந்த இரண்டு வகையும் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கும். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் தம்பி, இப்போது எல்லோரும் சாம்பல்தான் அடிக்கிறார்கள் என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னான். அம்மாவும் சாம்பல் பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அவர் வளர்ந்த வீட்டில் தை பிறப்பதற்கு முன்பு சுண்ணாம்பு நீற்றி, வடிகட்டி, அதில் நீலம் கலந்து அடிப்பார்கள். சுண்ணாம்பில் இயல்பாக இருக்கும் பழுப்பைக் கொஞ்சம் நீலம் அடித்துவிடும் என்பதால் சுவர் பளிச்சென்ற வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும். வெளுத்த வேட்டிக்கு நீலம் போடுவதிலும் இதே சூட்சுமம்தான். அம்மாவின் கண்ணில் வெள்ளைச் சுவர் என்றால் அந்த நீல வெள்ளைதான். நான் மட்டும் சந்தன வெள்ளையின் பக்கம் நின்றேன்.

பெயிண்டர் அண்ணாச்சிக்கு இந்த விவாதமே வேடிக்கையாக இருந்தது. "ரெண்டும் வெள்ளைதான டீச்சர், அடிச்சி முடிச்சா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் இதுவரை அடித்த அறைகளில் தெரியாமல் போயிருக்கலாம். வெளிச்சம் குறைந்த வீட்டில் தெரியும் என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறமும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகக் குறிக்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.ஆர்.வி. என்பார்கள், சில ஷேடு புத்தகங்களில் நிற எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். முழுக் கறுப்புக்கு 0, எதையும் விழுங்காத வெள்ளைக்கு 100. நாங்கள் பார்த்த சந்தன வெள்ளை 80ஐ ஒட்டியது, சாம்பல் வெள்ளை 70ஐ ஒட்டியது. அட்டையில் பார்த்தால் இந்தப் பத்து ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் எங்கள் பட்டாசலின் நடுவில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு வெளிச்சம் நேராக வருவதில்லை. வாசலில் நுழைந்து, ஒரு சுவரில் மோதி, எதிர்ச் சுவரில் மோதி, தலைக்கு மேலுள்ள மச்சில் மோதித்தான் வருகிறது. மூன்று முறை மோதி வரும் வெளிச்சத்தில், 80 உள்ள நிறம் நூற்றுக்கு 51 பங்கை மிச்சம் வைக்கும்; 70 உள்ள நிறம் 34 பங்கைத்தான் வைக்கும். இரண்டு பக்கம் பெரிய சன்னல்கள் இருக்கும் தம்பியின் வீட்டில் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே வெளிச்சம் முதல் மோதலிலேயே கண்ணுக்கு வந்துவிடுகிறது. அவன் வீட்டில் சாம்பல் அழகாகத்தான் இருக்கிறது. அதை எங்கள் பட்டாசலுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதுதான் என் வாதம்.

வாதம் வேறு, பார்ப்பது வேறு. எனவே இரண்டு நிறத்திலும் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் வெட்டிய பிளைவுட் பலகைகளில் அடித்துப் பார்த்தோம். நேராகச் சுவரில் ஒரு திட்டு அடித்துப் பார்ப்பதே பெரும்பாலோரின் வழக்கம். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பழைய சுவரின் நிறம் சுற்றிலும் இருப்பதால் புதிய நிறம் அதன் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து தெரியும்: பழையது மஞ்சளாக இருந்தால் நல்ல வெள்ளைகூட நீலமாகக் கண்ணை ஏமாற்றும். மேலும், சுவரில் அடித்ததை அடுத்த அறைக்கு எடுத்துப் போக முடியாது. பலகை என்றால் தார்சாவில் சாய்த்துப் பார்க்கலாம், இரண்டாங்கட்டில் வைத்துப் பார்க்கலாம், இரவில் டியூப் லைட்டின் கீழ் பார்க்கலாம். பலகைக்கும் முதலில் பிரைமர், பிறகு நிறம் இரண்டு கோட், நான்கு ஓரத்திலும் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். தரையில் படுக்கப் போட்டுப் பார்க்காமல், சுவரோடு சுவராக நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்து வெளிறித் தெரியும், காய்ந்த பிறகு ஒரு படி அழுத்தமாகும்.

இரண்டு பலகைகளையும் ஒட்டி வைத்துப் பார்ப்பதை நான் கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் வைத்தால் சாம்பல், சந்தனத்தை அழுக்கு மஞ்சளாகக் காட்டும். சந்தனம், சாம்பலைச் சிமெண்டுப் பூச்சாகக் காட்டும். வீட்டில் யாரும் ஒரே சுவரில் இரண்டையும் பாதிப் பாதியாக அடித்துக்கொண்டு வாழப் போவதில்லை. ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒரு பகல் முழுக்கச் சுவரோரம் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தால்தான் அதன் குணம் பிடிபடுகிறது.

பட்டாசலில் சாம்பல் பலகை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். காலையில், முன்வாசல் திறந்திருக்கும்போது, வாசலுக்கு எதிரே உள்ள சுவரில் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. பலகையைப் பொதுச் சுவரின் நடுப்பகுதிக்கு, ஊஞ்சலுக்குப் பின்னால் நகர்த்தியதும் அதன் முகம் செத்துவிட்டது. வெள்ளை என்றும் சொல்ல முடியாமல், சாம்பல் என்றும் சொல்ல முடியாமல், அடித்துப் பல வருடமான சுவரின் நிறத்துக்கு அது வந்துவிட்டது. நிறத்தில் சாம்பல் சேர்ந்திருப்பது நிழலின் வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே நிழலாக இருக்கும் இடத்தில் நிழலோடு நிழல் சேர்ந்துகொள்கிறது. சந்தனப் பலகை அதே இடத்தில் அவ்வளவு மாறவில்லை. மங்கலான வெளிச்சத்திலும் அதன் இளமஞ்சள், சுவருக்கு ஒரு நிறம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது.

இதில் தரையின் பங்கு பெரிது. காவித் தரையில் விழும் வெளிச்சம் சிவப்பைச் சுமந்துகொண்டு மேலே எழும்பிச் சுவரின் கீழ்ப் பாதியில் படிகிறது. முன்வாசல் வெயில் தரையில் விழும் நேரத்தில் பலகையைத் தரையோரம் வைத்துப் பார்த்தால் கண்கூடாகவே தெரியும். சந்தன வெள்ளையின் அடிப்பகுதி அந்தச் சிவப்பை வாங்கி இளம் பீச் நிறத்துக்குப் போனது. இடுப்பளவு உயரத்தில் தன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. மஞ்சளும் சிவப்பும் ஓர் இனம் என்பதால் அது உறுத்தவில்லை. சாம்பல் வெள்ளையின் அடிப்பகுதியோ, அதில் இருந்த நீலத்தோடு சிவப்புச் சேர்ந்து, கத்தரிப்பூச் சாயலுக்குப் போய்விட்டது. வெள்ளை டைல்ஸோ கிரானைட்டோ போட்ட வீட்டில் இந்தப் பிரச்சினை எழாது. காவித் தரையோ ஆத்தங்குடிக் கல்லோ உள்ள வீட்டுக்காரர்கள் பலகையை நெஞ்சு உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. சன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றால் பச்சை உள்ளே வரும், எதிர்வீடு ரோஸ் நிறத்தில் இருந்தால் அதுவும் உள்ளே வரும். வெளிர் நிறங்களுக்குச் சொந்த நிறம் குறைவு, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

அம்மாவின் கண் விஷயம் நான் எதிர்பாராதது. அவருக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இடது கண்ணில் இன்னும் செய்யவில்லை. சந்தனப் பலகையின் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு ரெண்டு பலகையும் ஒண்ணாத்தான் இருக்கு. அந்தக் கண்ணுக்கு இது மஞ்சக்காமாலை கணக்கா இருக்குட்டி" என்றார். காரணம் எளிது. வயதாக ஆகக் கண்ணில் உள்ள லென்ஸ் பழுத்து மஞ்சளேறி, நீல வெளிச்சத்தைத் தடுக்கத் தொடங்குகிறது. அந்தக் கண்ணுக்கு எல்லா வெள்ளையும் சந்தன வெள்ளைதான். அறுவை செய்து தெளிந்த லென்ஸ் வைத்த கண்ணுக்கு நீலம் முழுதாக வருவதால், மஞ்சள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நிறத்தைப் பற்றி அவர்கள் சொல்வதையும் நாம் காண்பதையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை என்பது அன்றைக்கு விளங்கியது. அவர்களுக்கு எந்த வெள்ளை என்பதைவிட, சுவருக்கும் கதவு நிலைக்கும், சுவருக்கும் சுவிட்சுப் பலகைக்கும், தரைக்கும் படிக்கும் நிற வேறுபாடு தெளிவாக இருப்பதுதான் முக்கியம். எல்லாமே ஒரே வெளிர் நிறமாகிவிட்டால் படி எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போய்விடும்.

தார்சாவில் கணக்குத் தலைகீழானது. எங்கள் வாசல் வடக்குப் பார்த்தது. வடக்கு வாசலில் நேர் வெயில் வராது, குளிர்ந்த சீரான வெளிச்சம்தான் வரும், ஆகவே இளமஞ்சள் அடியுங்கள் என்று வெளிநாட்டார் எழுதிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். அது அவர்கள் ஊருக்குச் சரி. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில்தான் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை இங்கே உச்சி வேளையிலும் சூரியன் வடக்கில்தான் நிற்கும். ஆனி மாதத்தில் தலைக்கு நேர் மேலிருந்து ஏறக்குறைய 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். காலை வெயில் வடகிழக்கிலிருந்தும், மாலை வெயில் வடமேற்கிலிருந்தும் தெருவுக்குள் சரிந்து வரும். அக்கினி நட்சத்திர வெயில் தெருத் தரையில் பட்டுத் திரும்பி எங்கள் தார்சாவுக்குள் கண் கூசும்படி விழும். அந்த வெளிச்சத்தில் சந்தனப் பலகை அடர்ந்த மஞ்சளாகவே மாறிவிட்டது. சாம்பல் பலகைதான் அங்கே கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, அம்மா விரும்பிய பழைய நீல வெள்ளைக்கு மிக அருகில் வந்து நின்றது. கார்த்திகை, மார்கழியில் வெயில் மிகவும் தெற்கே போய்விடும்போது தார்சா கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான். வருடத்தின் பெரும்பகுதி வெயில் காலமாகவே இருக்கும் ஊரில் அந்த இரண்டு மாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரவு வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கடைகளில் சாதாரணமாக எடுத்துத் தரும் எல்.இ.டி. டியூப் 6500 கெல்வின், அதாவது நீலம் ஓடும் வெள்ளை வெளிச்சம். அதன் கீழ் சாம்பல் வெள்ளை ஆஸ்பத்திரி வார்டின் குளிர்ச்சிக்குப் போகிறது, சந்தனத்தின் மஞ்சள் அடங்கிப்போகிறது. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் இரண்டு பலகைக்கும் வேறுபாடே தெரியவில்லை. பட்டாசலில் 4000 கெல்வின் டியூபுக்கு மாறினோம். பழைய டியூபை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு பலகையைப் பார்ப்பது நல்லது.

அழுக்கு ஏறும் விதமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. ஆனி, ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்தில் சன்னல் திறந்து வைத்த வீட்டுக்குள் செம்மண் புழுதி வராமல் இருக்காது. சந்தன வெள்ளையில் அது ஒளிந்துகொள்ளும். சாம்பலில், குறிப்பாகச் சன்னல் திட்டுக்கு மேலும் மின்விசிறிக் காற்று மோதும் இடத்திலும், பழுப்பாகத் தெரியும். விளக்கு மாடத்தில் ஏறும் எண்ணெய்ப் புகைக்கு மட்டும் சாம்பல் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆனால் மாடத்தின் உட்பக்கத்துக்கு எந்த வெளிர் நிறமும் தாங்காது என்பதால் அதைக் காவி நிறத்திலேயே விட்டுவிட்டோம். ஈரக் கசிவு இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு எங்கள் பொதுச் சுவரின் கீழ்ப்பகுதி முழங்கால் உயரம் வரை ஈரம் குடித்து, காயும்போது உப்புப் பூத்தது. உப்புப் பூத்த இடத்தில் வரும் பழுப்புக் கறை சாம்பல் வெள்ளையில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், சந்தனத்தில் பாதி மறையும். மறைகிறது என்பதற்காக ஈரச் சுவரின் மேல் எந்த நிறத்தையும் அடிக்கக் கூடாது. பங்குனி வரை சுவரைக் காய விட்டு, உப்பை உலர் பிரஷால் தட்டி எடுத்து, பல அடுக்காக ஏறியிருந்த பழைய சுண்ணாம்பை அடிவரை சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே பட்டி பார்த்தோம். சுண்ணாம்புப் பொடியின் மேல் எமல்ஷன் அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். அடுத்த மழையில் தோலாக உரிந்து வரும்.

முடிவில் பட்டாசலுக்கும் இரண்டாங்கட்டுக்கும் சந்தன வெள்ளை, தார்சாவுக்குச் சாம்பல் வெள்ளை என்று ஆனது. பகல் முழுவதும் தார்சாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் அம்மாவுக்கும் இதில் குறையில்லை. அறைக்கு ஒரு நிறம் என்பதற்காக ஆசைப்பட்டுச் செய்ததல்ல இது. வீடு முழுக்க ஒரே நிறம்தான் அடிக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் யோசிக்காமல் சந்தனத்தை எடுத்திருப்பேன். ஆனால் அட்டையில் பிடித்த சந்தனத்தைவிட ஒரு படி வெளிறியதைத்தான் வாங்கினோம். நான்கு சுவரிலும் ஒரே நிறம் ஏறும்போது ஒவ்வொரு சுவரும் எதிர்ச் சுவரின் மேல் தன் நிறத்தை வீசுவதால், அட்டையில் மெல்லிதாக இருக்கும் மஞ்சள் அறைக்குள் தடித்துவிடும். மச்சுக் கட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மட்டும் நிறமே சேர்க்காத வெள்ளை அடித்தோம். பட்டாசலுக்கு வெளிச்சம் கூடியதில் அதற்கும் பங்குண்டு. பளபளப்பு அதிகமுள்ள வகையை அடித்தால் இன்னும் வெளிச்சமாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். பழைய சுவரின் மேடு பள்ளம் அத்தனையையும் அது வரைந்து காட்டும் என்பதால், துடைத்தால் கறை போகிற, மங்கலான மெருகுள்ள எமல்ஷனோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு நிறமும் சந்திக்கும் இடம் எது என்பதில் அண்ணாச்சி கெட்டிக்காரர். தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் இடையே உள்ள நிலையின் தேக்குச் சட்டத்தோடு தார்சா நிறத்தை முடித்து, சுவரின் கனம் தெரியும் உள்பக்கத்தைப் பட்டாசலின் நிறத்திலேயே விட்டார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு மரத்துக்குப் பின்னால் வேறொரு வெள்ளை தொடங்குவது தெரியாது. நிலைப்படிக்கு மட்டும் அம்மாவுக்காகக் கருஞ்சிவப்பு அடித்தோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரத்தில் கலக்கும் வெளிர் நிறங்களில் சேரும் சாயம் சில துளிகள்தான். டப்பாவுக்கு டப்பா அதில் சிறு ஏற்றத்தாழ்வு வந்தாலும் ஒரே சுவரில் கோடாகத் தெரியும். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே ரோலரைத் தொட வேண்டும். கலந்த பெயிண்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால் சுவரை அளந்து, இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து, சுரண்டிப் பட்டி பார்த்த பழைய சுவர் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். மிச்சத்தை மூடி இறுக்கி நிழலில் வைத்திருக்கிறோம். நிறத்தின் எண்ணும், எந்த அடிப்படைப் பெயிண்டில் (பேஸ்) கலந்தது என்பதும் அச்சான சீட்டை டப்பாவின் மேல் ஒட்டினால் வழிந்த பெயிண்டில் மறைந்துவிடும். மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி, அறையின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம்.